ஆழம், சூடு, அழுத்தம்: படிவுப் பாறைக்குள் எது எதைத் தள்ளுகிறது?

படிவுப் பாறையில் இறக்கிய ஒரு கிணற்றின் வெப்பநிலையையும் துளைநீர் (பாறைத்துகள்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளில் தங்கிய நீர்) அழுத்தத்தையும் ஆழவாரியாக வரைந்து பார்த்தால், கீழே போகப்போக இரண்டு கோடுகளும் ஏறிக்கொண்டே போகும். உடனே "சூடு கூடுகிறது, அதனால் அழுத்தம் கூடுகிறது" என்று முடிவுகட்டிவிடத் தோன்றும். பள்ளியில் படித்த வாயு விதியை மண்ணுக்கடியில் கொண்டுபோய் வைக்கும் பார்வை இது. மூடிய பாத்திரத்துக்கு அது சரி. பாறை மூடிய பாத்திரம் அல்ல, அரைகுறையாக மூடியது. எல்லாக் குழப்பமும் அந்த அரைகுறையில்தான் இருக்கிறது.

ஓரிடத்தின் வெப்பநிலையைத் தீர்மானிப்பவை இரண்டு: கீழிருந்து வரும் வெப்பப் பாய்வு, இடையிலுள்ள அடுக்குகளின் வெப்பக் கடத்துதிறன். அழுத்தத்தைத் தீர்மானிப்பது வேறொரு கேள்வி: துளைகளில் இருக்கும் நீருக்கு வெளியேற வழி இருக்கிறதா, இல்லையா? வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் நேரடியான ஒரே சூத்திரம் கிடையாது. இரண்டும் சந்திக்கும் இடம் துளைநீர். எவ்வளவு நீர் தங்கியிருக்கிறது என்பது சூட்டை மாற்றும். சூடு என்ன வேதிமாற்றத்தைத் தொடங்கிவைக்கிறது என்பது அழுத்தத்தை மாற்றும்.

முதலில் அழுத்தம்

நன்னீர் நிரம்பிய பாறையில் அழுத்தம் கிலோமீட்டருக்கு 9.8 மெகாபாஸ்கல் ஏறும். உப்புநீர் என்றால் சுமார் 10.5. நீர் மேற்பரப்புவரை தொடர்பறாமல் இருக்கும்வரை இதுதான் இயல்பான அழுத்தம். மேலே கிடக்கும் பாறையும் நீரும் சேர்ந்த மொத்தச் சுமை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 22.6 மெகாபாஸ்கல். இந்த இரண்டின் வித்தியாசத்தைத்தான் பாறைத்துகள்கள் ஒன்றையொன்று தொட்டுத் தாங்குகின்றன. 1920களில் பொறியாளர் கார்ல் டெர்சாகி மண் விசையியலுக்குக் கொடுத்த செயலுறு தகைவு இதுவே. துகள்களை நெருக்குவதும், துளைகளைச் சுருக்குவதும், ஒலிவேகத்தைக் கூட்டுவதும் பெரும்பாலும் இந்தத் தகைவுதான். மொத்தச் சுமை அல்ல.

ஒரு கணக்குப் போடலாம். 3000 மீட்டரில் மொத்தச் சுமை 67.8, இயல்பான துளையழுத்தம் 31.5, ஆக துகள்கள் தாங்குவது 36.3 மெகாபாஸ்கல். இந்த ஆழத்தில் களிப்பாறையின் ஊடுருவுதிறன் (நீரைத் தன் வழியே விடும் திறன்) மிகக் குறைந்து, நீர் வெளியேறுவது நின்றுவிட்டது என்று வையுங்கள். மேலே இன்னும் 1000 மீட்டர் படிவு சேர்கிறது. 4000 மீட்டரில் சுமை 90.4. நீர் போகாததால் துளைகள் சுருங்கவில்லை. துகள்களின் பங்கு அதே 36.3. புதிதாக வந்த சுமை முழுவதும் நீரின் தலையில்: துளையழுத்தம் 54.1 மெகாபாஸ்கல். இயல்பாக இருந்திருந்தால் 42. மிகையழுத்தம் 12 மெகாபாஸ்கலுக்கு மேல். துளையிடுபவருக்கு இதன் பொருள், மட் (துளையிடும்போது கிணற்றுக்குள் சுற்றவிடும் கனமான திரவம்) அடர்த்தி, நீரை 1 என்று வைத்தால், 1.07-லிருந்து குறைந்தது 1.38-க்கு ஏற வேண்டும் என்பது. அதன்மேல் பாதுகாப்புக்கு இன்னும் கொஞ்சம்.

இந்தக் கணக்கில் வெப்பநிலை ஓரிடத்திலும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். இளம் படுகைகளில், அதாவது படிவு வேகமாகச் சேர்ந்து களி தடிமனாக இருக்கும் இடங்களில், மிகையழுத்தத்தின் பெரும்பகுதியை விளக்க இது போதும்.

பிறகு வெப்பம்

கண்டங்களின் சராசரி வெப்பப் பாய்வு சதுர மீட்டருக்கு 65 மில்லிவாட் அளவில் இருக்கிறது. இதை அடுக்கின் கடத்துதிறனால் வகுத்தால் அந்த அடுக்கின் வெப்பச் சரிவு, அதாவது ஆழத்தோடு வெப்பநிலை ஏறும் வீதம், கிடைக்கும். "கிலோமீட்டருக்கு 30 டிகிரி" என்று முழுக் கிணற்றுக்கும் ஒரே எண்ணைப் போடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். சரிவு அடுக்குக்கு அடுக்கு மாறும். கீழிருந்து மேல்வரை கிட்டத்தட்ட மாறாமல் வருவது பாய்வு மட்டுமே.

கடத்துதிறனில் வித்தியாசம் பெரிது. குவார்ட்ஸ் படிகத்துக்கு மீட்டர்-கெல்வினுக்கு 7.7 வாட், அதனால் குவார்ட்ஸ் மிகுந்த இறுகிய மணற்பாறை வெப்பத்தை நன்றாகக் கடத்தும். பாறையுப்புக்கு 5 முதல் 6. களிப்பாறைக்குப் பெரும்பாலும் 1 முதல் 2 சொச்சம். நீருக்கு வெறும் 0.6. வாயுவுக்கு அதைவிட மிகக் குறைவு. துளையில் நீர் அதிகமாக இருந்தால் பாறை கம்பளி போல வேலை செய்யும் என்பதற்கு இந்த 0.6 போதும்.

அழுத்தம் வெப்பநிலையைத் தொடும் முதல் வழி இதுதான். நீர் வெளியேறாத களிப்பாறையில் துளைகள் பெரிதாகவே தங்கிவிடுகின்றன, கடத்துதிறன் குறைகிறது, சரிவு கூடுகிறது. எவ்வளவு கூடும்? கனிமப் பகுதிக்கு 2.5, நீருக்கு 0.6 என்று எடுத்து, பெருக்கல் சராசரி முறையில் கணக்கிட்டால், 10 சதவீதத் துளைமை (பாறையின் கன அளவில் துளைகளின் பங்கு) உள்ள களிப்பாறைக்கு 2.17 வரும், 25 சதவீதத் துளைமைக்கு 1.75. பாய்வு 60 மில்லிவாட் என்றால் சரிவு முறையே கிலோமீட்டருக்கு 28 டிகிரி, 34 டிகிரி. ஆயிரம் மீட்டர் தடிமனுக்கு வித்தியாசம் 6, 7 டிகிரிதான்.

இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. மிகையழுத்த மண்டலத்தில் வெப்பச் சரிவு இரட்டிப்பாகிறது என்று காட்டும் வரைபடத்துக்குத் துளைநீர் மட்டுமே காரணமாக இருக்க முடியாது. அடுக்கின் கனிமக் கலவை மாறியிருக்கும், வாயு இருக்கும், கீழிருந்து சூடான நீர் ஏறிவரும், அல்லது மேலடுக்குகளில் அளந்த வெப்பநிலைகள் திருத்தப்படாதவையாக இருக்கும். கடைசிக் காரணம்தான் அடிக்கடி நடப்பது.

சூட்டில் நீர் விரிவதால் அழுத்தம் ஏறாதா?

ஏறும், நீர் தப்பிக்க வழியே இல்லாவிட்டால். 100 டிகிரி அருகில் நீரின் வெப்ப விரிவுக் கெழு டிகிரிக்கு சுமார் 0.00075. அதை அமுங்குதிறனால் வகுத்தால், கன அளவு மாறாமல் பூட்டிய நீரில் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 1.5 மெகாபாஸ்கல் ஏற வேண்டும். 1972-இல் ஆய்வாளர் பார்க்கர் இந்த வழியை முன்வைத்தபோது அது கவர்ச்சியாக இருந்ததில் வியப்பில்லை. 30 டிகிரி சூடேறினாலே 45 மெகாபாஸ்கல்!

ஆனால் விரியும் நீரின் அளவைப் பாருங்கள். 50 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போகும் நீர் 2.3 சதவீதம்தான் விரிகிறது. 10 சதவீதத் துளைமை உள்ள ஒரு கன மீட்டர் களிப்பாறையில் 100 லிட்டர் நீர். கூடுதலாக வருவது 2.3 லிட்டர். பாறை பத்து லட்சம் ஆண்டுக்கு 500 மீட்டர் புதைகிறது, சரிவு கிலோமீட்டருக்கு 30 டிகிரி என்றால், இந்த 40 டிகிரி ஏற 27 லட்சம் ஆண்டுகள் ஆகும். அதாவது ஆயிரம் ஆண்டுக்கு ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவான நீர் வெளியேறினால் போதும், அழுத்தம் ஏறாது. 1000 மீட்டர் தடிமனான களியில் இதெல்லாம் மேலே சேர்ந்து வந்தாலும், 10 நானோடார்சி (ஊடுருவுதிறனின் மிகச் சிறிய அலகு) ஊடுருவுதிறன் உள்ள பாறை அதைக் கிலோமீட்டருக்கு 1 மெகாபாஸ்கலுக்கும் குறைந்த கூடுதல் சரிவோடு வெளியேற்றிவிடும். ஊடுருவுதிறன் 1 நானோடார்சிக்குக் கீழே போனால்தான் இந்த விளைவு கவனிக்கத் தக்கதாகிறது. போதாக்குறைக்கு, சூடேறும்போது நீரின் பிசுக்கும் குறைகிறது: 20 டிகிரியில் 1 மில்லிபாஸ்கல்-வினாடி, 100 டிகிரியில் 0.28. எந்தச் சூடு நீரை விரிக்கிறதோ அதே சூடு அது கசியவும் உதவுகிறது.

ஆகவே நீர் விரிவைத் துணைக் காரணமாக வைத்துக்கொள்ளலாம். முதற்காரணமாக எழுத வேண்டாம். இந்த விளைவு முழு வீச்சில் நடக்கும் இடம் ஒன்று உண்டு, அது பாறையில் அல்ல: கிணற்றுச் சுவரைக் காக்க ஒன்றுக்குள் ஒன்றாக இறக்கும் இரண்டு கேசிங் குழாய்களுக்கு நடுவே சிமெண்டுக்கு மேல் சிக்கிய திரவத்தில். கீழிருந்து சூடான எண்ணெய் வரத் தொடங்கியதும் அந்தத் திரவம் சூடேறும். எஃகும் சற்று விரிவதால் மேலே சொன்ன 1.5 முழுதாக வராது. ஆனாலும் உள்குழாயை நசுக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறிவிடலாம். ஆழ்கடல் கிணறுகளில் வால்வைத் திறந்து அதை வெளியேற்றவும் வழி இருக்காது. அதனால்தான் அங்கே உடைந்து வழிவிடும் தகடுகளோ, அமுங்கக்கூடிய நுரைப்பட்டைகளோ வைக்கிறார்கள்.

சூடு உண்மையில் செய்யும் வேலை

சூட்டின் பெரிய பங்கு வேதியியலில் இருக்கிறது. சுமார் 60, 70 டிகிரியில் ஸ்மெக்டைட் என்ற நீர் தாங்கும் களிக்கனிமம் இல்லைட் என்ற வேறொரு களிக்கனிமமாக மாறத் தொடங்கும்; 120 முதல் 150 டிகிரிக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். இதற்குப் பொட்டாசியம் வேண்டும். அது பெரும்பாலும் கரையும் பொட்டாஷ் ஃபெல்ஸ்பார் கனிமத்திலிருந்து வருகிறது. அது கிடைக்காத இடத்தில் வெப்பநிலை போதுமானதாக இருந்தும் மாற்றம் தடைப்படும். மாற்றத்தின்போது களியின் அடுக்கிடை நீர் துளைக்கு வருகிறது, சிலிக்கா வெளியாகிறது. எழுதுபவர்கள் பலர் அந்த நீரை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அதைவிட முக்கியமானது இன்னொன்று: சுமையைத் தாங்கிக்கொண்டிருந்த திடப்பொருளின் ஒரு பகுதியே கரைந்து நீராக மாறுகிறது. தாங்கும் சட்டகம் தளர்கிறது. நீர் வெளியேற முடியாத பாறையில் அந்தச் சுமை நீருக்குக் கைமாறுகிறது. துளையழுத்தம் ஏறி, செயலுறு தகைவு முன்பிருந்ததைவிடக் கீழே இறங்குகிறது.

70, 80 டிகிரிக்கு மேல் குவார்ட்ஸ் சிமெண்ட் படிவதும் வேகமெடுக்கும். இதன்பின் துளை சுருங்குவதற்குத் தகைவு தேவையில்லை. சூடும் காலமும் போதும். 100 டிகிரியைத் தாண்டிய பாறையில் "துளைமை குறைவு, ஆகவே அழுத்தம் இயல்பு" என்ற வாதம் செல்லாமல் போவது இதனால்தான்.

பிறகு கெரோஜன், அதாவது பாறையில் சிக்கிய திடக் கரிமப் பொருள். ஏறத்தாழ 60 முதல் 120 டிகிரிவரை எண்ணெய், அதற்கு மேல் வாயு. 150 டிகிரியைக் கடந்தால் தேங்கிய எண்ணெயே உடைந்து வாயுவாகும். திட கெரோஜன் திரவமாகவும் வாயுவாகவும் மாறும்போது கன அளவு கூடும் அளவு, நீர் விரியும் 2 சதவீதத்தோடு ஒப்பிடக்கூடியதே அல்ல. கெரோஜன் இருக்கும் இறுகிய மூலப்பாறையில் இது பாறையைப் பிளக்கும்வரை போகும்.

இதிலிருந்து களத்தில் பயன்படும் ஒரு சோதனை கிடைக்கிறது. ஒலிவேகமும் அடர்த்தியும் சேர்ந்து குறையத் தொடங்கினால், அந்த இடத்தில் வெப்பநிலை 70, 80 டிகிரிக்குக் கீழே இருந்தால், நீர் வெளியேறாத பழைய கதை. ஒலிவேகம் குறைகிறது, ஆனால் அடர்த்தி அசையாமல் நிற்கிறது, வெப்பநிலையும் 100, 120-ஐத் தாண்டிவிட்டது என்றால், சூட்டால் தூண்டப்பட்ட சுமைக் கைமாற்றம் அல்லது வாயு உருவாக்கம். துகள்களின் தொடுகை தளர்ந்தால் ஒலி மெதுவாகும். துளையின் கன அளவு பெரிதாக மாறாததால் அடர்த்தி அப்படியே இருக்கும்.

இந்தப் பிரிவினை வெறும் வகைப்பாட்டுக்காக அல்ல. ஒலிவேகத்திலிருந்து துளையழுத்தத்தைக் கணிக்க 1975-இல் ஈட்டன் தந்த முறையில், அளந்த ஒலிவேகத்துக்கும் இயல்பான ஒலிவேகத்துக்கும் உள்ள விகிதத்தை 3-ஆம் படிக்கு உயர்த்துவது வழக்கம். முதல் வகையில் அது நன்றாக உழைக்கும். இரண்டாம் வகையில் அதே 3-ஐப் போட்டால் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும். அங்கே படியை 5 வரை ஏற்றினால்தான் அளந்த அழுத்தத்தோடு பொருந்தும், அல்லது செயலுறு தகைவு இறங்கும்போது ஒலிவேகம் எப்படிக் குறைகிறது என்று காட்ட 1995-இல் பவர்ஸ் கொடுத்த சுமையிறக்க வளைவுக்குப் போக வேண்டும். குறைத்து மதிப்பிட்ட அழுத்தத்துக்கு ஏற்ற மட்டோடு வாயு மணலுக்குள் நுழைவதுதான் இந்தத் தொழிலில் மிக ஆபத்தான பிழை.

சூடும் அழுத்தமும் எதிரெதிரே போகும் இடங்கள்

தென் காஸ்பியன் படுகையில் 20 கிலோமீட்டர் தடிமனுக்குப் படிவு கிடக்கிறது. சேற்று எரிமலைகள் வரிசையாக நிற்கும் அளவுக்கு மிகையழுத்தம். ஆனால் வெப்பச் சரிவு உலகச் சராசரியைவிட மிகக் குறைவு, கிலோமீட்டருக்கு 15 முதல் 18 டிகிரி. காரணம் ஒன்றேதான்: படிவு வேகமாகக் கொட்டியதால் நீருக்கு வெளியேற நேரமில்லை, குளிர்ந்த படிவுக்குச் சூடேறவும் நேரமில்லை. சூடுதான் அழுத்தத்தைத் தருகிறது என்பவருக்கு இந்தப் படுகை ஒன்றே பதில். மறுபக்கம் மலாய்ப் படுகை: கிலோமீட்டருக்கு 45, 50 டிகிரி. அங்கே 2 கிலோமீட்டரிலேயே 100 டிகிரியை எட்டிவிடுவதால், வேறு படுகையில் 4 கிலோமீட்டரில் நடக்கும் வேதிமாற்றங்கள் மிக மேலேயே தொடங்கிவிடுகின்றன.

உப்பு அடுக்கு இன்னும் சுவாரசியமானது. அழுத்தத்துக்கு அதைவிட நல்ல மூடி கிடையாது. வெப்பத்துக்கோ அது திறந்த கதவு. 60 மில்லிவாட் பாய்வில் 2 கிலோமீட்டர் உப்பைக் கடக்க 24 டிகிரிதான் செலவாகும். அதே தடிமனுள்ள களிப்பாறை (கடத்துதிறன் 2) 60 டிகிரி எடுத்துக்கொள்ளும். ஆக உப்புக்கடியில் அழுத்தம் கூடுதல், வெப்பநிலை 36 டிகிரி குறைவு.

மேலே இருந்த பாறை அரிக்கப்பட்டுப் படுகை உயரும்போது நிலை தலைகீழாகும். பாறை சுமை குறைந்து சற்று விரியும், நீர் குளிர்ந்து சுருங்கும். நீர் உள்ளே வர வழியில்லாத அடுக்குகளில் அழுத்தம் இயல்பைவிடக் கீழே போகும். மேற்குக் கனடாப் படுகையில் இத்தகைய குறையழுத்த அடுக்குகள் பிரபலம்.

வரைபடம் போடும்போது கெடும் இடங்கள்

வெப்பநிலையில் முதல் எதிரி மட் தான். துளையிடும்போது சுற்றிவரும் மட் அடிப்பாறையைக் குளிர்வித்துவிடும். லாக் கருவி (கிணற்றுக்குள் இறக்கி ஆழவாரியாக அளக்கும் கருவி) முதலில் காட்டும் அடிக்கிணற்று வெப்பநிலை உண்மையைவிட 10, 20 டிகிரி குறைவாக இருப்பது சாதாரணம். ஒரே ஆழத்தில் வெவ்வேறு நேரங்களில் எடுத்த குறைந்தது மூன்று அளவீடுகளை வைத்து ஹார்னர் முறையில் திருத்துங்கள். மட்டைச் சுற்றவிட்ட நேரத்தோடு (சுற்று நேரம்), சுற்றை நிறுத்தியபின் அளவீடுவரை கழிந்த நேரத்தை (நிறுத்திய நேரம்) கூட்டி, நிறுத்திய நேரத்தால் வகுத்து, அதன் 10-அடி மடக்கையைக் கிடையச்சில் வையுங்கள். எடுத்துக்காட்டாக, சுற்று நேரம் 4 மணி. நிறுத்தி 6, 12, 20 மணி கழித்து 112, 120, 124 டிகிரி. மடக்கைகள் 0.222, 0.125, 0.079. மூன்று புள்ளிகளும் ஏறத்தாழ ஒரே கோட்டில் விழும்; கோட்டைப் பூஜ்யத்துக்கு நீட்டினால் 130 டிகிரி. முதல் அளவீட்டை அப்படியே நம்பியிருந்தால் 18 டிகிரி பிழை, அதாவது ஸ்மெக்டைட் மாற்றம் நடக்கும் ஆழத்தையே சில நூறு மீட்டர் தள்ளிவைக்கும் பிழை. நிறுத்திய நேரம் சுற்று நேரத்தைவிடக் குறைவாக இருந்தால் இந்த முறையும் குறைத்தே காட்டும்.

இரண்டாவது, ஆழத்தை எங்கிருந்து அளக்கிறோம் என்பது. 1500 மீட்டர் கடல், கடல்மட்டத்திலிருந்து 4500 மீட்டரில் 94 டிகிரி என்று வையுங்கள். மேற்பரப்பு 20 டிகிரி என்று போட்டு வகுத்தால் கிலோமீட்டருக்கு 16 டிகிரி வரும், "குளிர்ந்த படுகை" என்ற முடிவும் வரும். கடலடியில் 4 டிகிரி, பாறை 3000 மீட்டர்தான் என்று சரியாகப் போட்டால் 30. சாய்ந்த கிணற்றில் துளையின் நீளத்தை ஆழமாக எடுத்துக்கொள்வதும் இதே வகைத் தவறு.

அழுத்தத்தில், மட் அடர்த்தியைத் துளையழுத்தமாக எழுதிவைப்பது பரவலான கெட்ட பழக்கம். மட் என்பது துளையிட்டவர் தேர்ந்தெடுத்த எண். பாறை சொன்ன எண் அல்ல. குழாயை அடுக்கில் ஒட்டவைத்து எடுக்கும் நேரடி அளவீடு மணற்பாறையில்தான் கிடைக்கும். களிப்பாறை அதற்குள் நீர் தராது. பக்கத்து மணலின் அழுத்தத்தைக் களிக்குச் சூட்டுவதும் எப்போதும் சரியல்ல. சாய்ந்த மணலடுக்கு ஆழத்திலுள்ள அழுத்தத்தை மேல்முனைவரை கடத்தும். 300 மீட்டர் வாயுத்தம்பம் இருந்தால் அதன் உச்சியில் மிதப்பால் மட்டுமே சுமார் 2.5 மெகாபாஸ்கல் கூடும், சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல்.

மேலே திரும்பிவரும் மட்டின் வெப்பநிலையை வைத்து மிகையழுத்தத்தை முன்கூட்டி அறியும் பழைய முறை இன்னும் புழக்கத்தில் உண்டு. 6, 7 டிகிரிதான் சமிக்ஞை என்று மேலே கணக்கிட்டோம். பம்பு வேகம் மாறினாலோ, புது மட் கலந்தாலோ, துளையிடும் பிட்டை மாற்ற நிறுத்தினாலோ, கடலடியிலிருந்து மேலே வரும் ரைசர் குழாயைக் கடல்நீர் குளிர்வித்தாலோ அது முழுகிவிடும். தனியாக அதை நம்பி யாரும் மட்டை மாற்றக்கூடாது. ஒலி லாக்கும் வாயு அளவும் அதே பக்கம் காட்டினால் துணைச் சான்றாக வைக்கலாம்.

150 டிகிரிக்கும் 69 மெகாபாஸ்கலுக்கும் மேலே போகும் கிணறுகளில் இன்னொரு சிக்கல் சேரும். வட கடலின் எல்ஜின் வயல் போல 1100 பார் (110 மெகாபாஸ்கல்), 190 டிகிரி என்ற நிலையில் துளையழுத்தத்துக்கும் பாறை பிளக்கும் அழுத்தத்துக்கும் இடையிலான சன்னல் மிகக் குறுகியது. அந்தச் சன்னலின் மேல்விளிம்பும் சூட்டோடு நகரும். பாறையின் நீள்விரிவு டிகிரிக்கு ஒரு லட்சத்தில் ஒன்று, மீள்தன்மையைச் சொல்லும் யங் குணகம் 20 கிகாபாஸ்கல், பாய்சான் விகிதம் 0.25 என்று எடுத்தால், கிணற்றுச் சுவர் ஒரு டிகிரி குளிர்ந்தால் சுவரைச் சுற்றி அமுக்கும் தகைவு 0.27 மெகாபாஸ்கல் குறையும். பாறையைவிட 30 டிகிரி குளிர்ந்த மட் 8 மெகாபாஸ்கலைத் தின்றுவிடும். ஆகவே சுற்றும்போது மட் பாறைக்குள் போகிறது, நிறுத்திச் சூடேறியதும் இழப்பு நிற்கிறது என்றால், அடர்த்தியைக் குறைக்க அவசரப்படும் முன் அந்த ஆழத்தின் வெப்பநிலைப் பதிவை எடுத்துப் பாருங்கள். கூடவே, எண்ணெய் அடிப்படை மட்டின் அடர்த்தியே சூட்டில் குறையும், அழுத்தத்தில் கூடும். மேலே தொட்டியில் அளந்த எண் கீழே இருக்கும் எண் அல்ல. இரண்டு திருத்தங்களையும் ஒரே வெப்பநிலைக் கோட்டிலிருந்து போட வேண்டும், ஒன்றுக்குத் திருத்திய கோடு, மற்றதற்குத் திருத்தாத கோடு என்று கலக்கக்கூடாது.